கார்ன்வாலில் எந்த பாரிஷ்? பெங்களூரில் இருந்தபடியே கண்டுபிடிக்கும் வழி

பெங்களூரில் லிங்கராஜபுரம், கம்மனஹள்ளி, குக் டவுன் பக்கம் கோலார் தங்கவயலில் இருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைய. தமிழர்களும் உண்டு, ஆங்கிலோ-இந்தியர்களும் உண்டு, இரண்டும் கலந்த வீடுகளும் உண்டு. சில வீடுகளில் பழைய டிரங்குப் பெட்டியைக் கிளறினால் ஒரு ஞானஸ்நானச் சீட்டோ, கல்யாணச் சான்றிதழோ, பைபிளின் முதல் பக்கத்தில் மையால் எழுதிய பிறந்த தேதியோ கிடைக்கும், அதில் எங்காவது ஒரு மூலையில் "கார்ன்வால்" என்று இருக்கும். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கவுன்டி அது. செம்பும் வெள்ளீயமும் தோண்டிய ஊர். 1866ல் செம்பு விலை சரிந்து சுரங்கங்கள் வரிசையாக மூடியபோது அங்கிருந்த சுரங்கத் தொழிலாளிகள் உலகம் முழுக்கச் சிதறினார்கள். 1880ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி கோலாரில் கால் வைத்த பிறகு அவர்களில் ஒரு பகுதி இங்கேயும் வந்தது.

இந்த வம்சத்தில் வந்தவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணா, கொள்ளுத்தாத்தா பேரு தெரியும், கார்ன்வால்னு தெரியும், தேடினா அதே பேர்ல நூறு பேர் வர்றாங்க, இதுல எங்க ஆளு யாரு?" நான் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: பேரை விடுங்கள், முதலில் ஊரைப் பிடியுங்கள். கார்ன்வாலில் வில்லியம், ஜான், தாமஸ், ரிச்சர்ட் என்று ஒரு கைப்பிடிப் பெயர்களைத்தான் எல்லாரும் மாற்றி மாற்றி வைத்தார்கள். வில்லியம் தாமஸ் என்று ஒருவரைத் தேடினால் ஒரே ஆண்டில் ஒரே ஊரிலேயே இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது பாரிஷ், அதாவது ஒரு சர்ச்சைச் சுற்றி அமைந்த ஊர்ப் பிரிவு மட்டும்தான்.

பாரிஷ் பெயர் தெரிந்துவிட்டால் வேலை முடிந்ததா என்றால் இல்லை. ஒரே ஊரை வரிக்காரர் ஒரு பிரிவில் எழுதினார், பாதிரியார் வேறு பிரிவில் எழுதினார், பிறப்பு இறப்பு பதிவாளர் மூன்றாவது பிரிவில் எழுதினார், வெள்ளீயத் தகராறை விசாரித்த நீதிமன்றம் நாலாவதில் எழுதியது. இந்தப் பிரிவுகளின் எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தாது. ஆகவே ஆளைத் தேடும் முன் ஊருக்கு ஒரு ஜாதகம் எழுதுங்கள். ஒரு நோட்டில் ஆறு வரி போதும்: பழைய பாரிஷ், பிற்காலத்தில் பிரிந்த புதிய சர்ச் பாரிஷ் (இருந்தால்), ஹண்ட்ரட், பதிவு மாவட்டம், மறைமாவட்டம், இன்றைய நிர்வாகம். இந்த ஆறும் கையில் இருந்தால் எந்த ஆவணத்தை எந்தப் பெயரில் தேடுவது என்று தடுமாற வேண்டியதில்லை.

ஹண்ட்ரட் என்பது என்ன

நம்மூரில் நிலப் பத்திரம் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மாவட்டம், தாலுக்கா, அப்புறம் பேகூர் ஹோப்ளி, வர்த்தூர் ஹோப்ளி என்று ஒரு வரி வரும் இல்லையா, பல கிராமங்களைச் சேர்த்து ஒரு ஹோப்ளி. ஹண்ட்ரட் கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான் இருக்கிறது. கவுன்டிக்குக் கீழே, பாரிஷ்களுக்கு மேலே. வரி வசூல், படைக்கு ஆள் எடுப்பது, சின்ன வழக்குகள் என்று பழைய காலத்தில் எல்லாம் இதன் வழியாக நடந்தது.

கார்ன்வாலில் ஒன்பது ஹண்ட்ரட். மேற்கு முனையில் இருந்து வந்தால் பென்வித், கெரியர், பவுடர், பைடர், ட்ரிக், லெஸ்னூத், ஸ்ட்ராட்டன், வெஸ்ட், ஈஸ்ட். 1086ல் எடுத்த டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கில் இவை ஏழாகத்தான் இருந்தன, பெயர்களும் வேறு. பென்வித்துக்கு அப்போது கானர்ட்டன் என்று பெயர், கெரியருக்கு வின்னியான்டன். அவ்வளவு பழைய காலம் வரை போகிறவர்கள் குறைவு, தெரிந்து வைத்திருந்தால் போதும்.

ஹண்ட்ரட் எப்போது தேவைப்படும்? 1841க்கு முன்னால் போகும்போது. பழைய நில வரிப் பட்டியல்கள் ஹண்ட்ரட் வாரியாகத்தான் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. 1641-42ல் பாராளுமன்றம் 18 வயது தாண்டிய ஆண்கள் எல்லாரிடமும் சத்தியப் பிரமாணம் வாங்கியது. அந்தப் பட்டியல்கள் பல கவுன்டிகளில் அழிந்துபோயின, கார்ன்வாலில் நிறையவே தப்பியிருக்கின்றன. பாரிஷுக்குள் இருந்த ஆண்களின் பெயர் வரிசை அப்படியே கிடைப்பது பெரிய விஷயம். அதைத் தேடும்போதும் முதலில் ஹண்ட்ரட், அதற்குள் பாரிஷ் என்றுதான் போக வேண்டும். 1850, 1880 காலத்து ஆளைத் தேடுகிறவர்கள் இந்த வரியை நோட்டில் எழுதிவிட்டுக் கடந்துபோகலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். பென்வித், கெரியர் என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வெவ்வேறு வேடத்தில் வரும். சர்ச் நிர்வாகத்தில் பாரிஷ்களைச் சேர்த்து வைத்த டீனரிகளுக்கும் அதே பெயர்கள். 1974ல் கார்ன்வாலை ஆறு மாவட்டங்களாகப் பிரித்தபோது இரண்டு மாவட்டங்களுக்குப் பென்வித், கெரியர் என்றே பெயர் வைத்தார்கள், ஆனால் எல்லை பழைய எல்லை இல்லை. கேம்போர்னும் ரெட்ரூத்தும் பழைய கணக்கில் பென்வித் ஹண்ட்ரட்; 1974 கணக்கில் கெரியர் மாவட்டம். இணையத்தில் "கேம்போர்ன், கெரியர்" என்று பார்த்துவிட்டு 1700களின் நில வரியைக் கெரியர் ஹண்ட்ரட்டில் தேடினால் கிடைக்கவே கிடைக்காது. அந்த ஆறு மாவட்டங்களும் 2009ல் கலைக்கப்பட்டு இப்போது ஒரே கார்ன்வால் கவுன்சில்தான்.

பாரிஷ்தான் உயிர்

ஹண்ட்ரட் வரிக்கு. பாரிஷ் வாழ்க்கைக்கு. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம், ஏழைகளுக்குக் கொடுக்கும் உதவி, சாலை பராமரிப்பு எல்லாமே பாரிஷ் பொறுப்பு. 1538ல் தாமஸ் குரோம்வெல் போட்ட உத்தரவுப்படி ஒவ்வொரு பாரிஷும் பதிவேடு வைக்க ஆரம்பித்தது. எல்லா ஊரிலும் முதல் ஏடு தப்பவில்லை, இருந்தாலும் பல பாரிஷ்களில் 1600களில் இருந்து தொடர்ச்சியாகப் பார்க்க முடியும். கார்ன்வாலில் பழைய பாரிஷ்கள் 200க்கு மேல்.

இங்கே முதலில் கவனிக்க வேண்டியது, பெரிய ஊரின் பெயரும் பாரிஷ் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பென்சான்ஸ் பெரிய துறைமுக ஊர், ஆனால் அது இருந்த பழைய பாரிஷ் மேட்ரன். நியூகீ என்று இன்று எல்லாருக்கும் தெரிந்த கடற்கரை ஊர் செயின்ட் கொலம்ப் மைனர் பாரிஷுக்குள் இருந்தது. இரும்பு வார்ப்புக்குப் பேர் போன ஹெய்ல் ஊரின் பெரும்பகுதி ஃபிலாக் பாரிஷ். மவுஸ்ஹோல் மீனவர் ஊர், பாரிஷ் பால். குடும்பக் காகிதத்தில் "ஹெய்ல்" என்று இருந்தால் ஹெய்ல் பாரிஷின் பழைய பதிவேட்டைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள், ஃபிலாக்கைத் திறங்கள்.

அடுத்தது ஒரே மாதிரிப் பெயர்கள். கார்ன்வால் ஊர்கள் பாதிக்குப் பாதி புனிதர்கள் பெயரில் இருப்பதால் இது தீராத தலைவலி. செயின்ட் ஜஸ்ட் இரண்டு: மேற்கு முனையில் சுரங்கங்கள் நிறைந்த செயின்ட் ஜஸ்ட் இன் பென்வித் ஒன்று, ஃபால்மவுத் கழிமுகத்துக்கு எதிர்க்கரையில் செயின்ட் ஜஸ்ட் இன் ரோஸ்லேண்ட் இன்னொன்று. உங்கள் ஆள் சுரங்கத் தொழிலாளி என்றால் பெரும்பாலும் முதலாவது. செயின்ட் மாகன் இரண்டு, ஒன்று மெனேஜில், ஒன்று பைடரில். செயின்ட் கொலம்ப் மேஜர், மைனர் என்று இரண்டு. பெரன் என்று தொடங்குவது மூன்று: பெரன்சபுலோ, பெரனார்வர்த்தல், பெரனுத்னோ. பெதர்வின் இரண்டு, அதில் வடக்கு பெதர்வின் 1966 வரை டெவன் கவுன்டியில் இருந்தது. ஆகவே கார்ன்வால் பட்டியலில் தேடிவிட்டு இல்லை என்று விட்டுவிடாமல் டெவனிலும் பாருங்கள். குடும்பத்தில் "செயின்ட் ஜஸ்ட்" என்று மட்டும் எழுதி வைத்திருந்தால், இன்னொரு சின்ன இடப்பெயர் கிடைக்கும் வரை முடிவு கட்டாதீர்கள்.

மூன்றாவது, 1840களில் நடந்த பெரிய மாற்றம். சுரங்கப் பகுதிகளில் மக்கள் தொகை ஏறிக்கொண்டே போனது, இங்கிலாந்து திருச்சபையில் இருந்து பிரிந்த மெதடிஸ்ட் சபைகள் பெரும்பாலோரைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டன, இங்கிலாந்து திருச்சபை விழித்துக்கொண்டு பழைய பாரிஷ்களை வெட்டிப் புதிய பாரிஷ்கள் உண்டாக்கியது. கேம்போர்னில் இருந்து ட்ரெஸ்லோத்தன், பென்பான்ட்ஸ், டக்கிங்மில், செயின்ட் ஜஸ்டில் இருந்து பென்டீன் எல்லாம் அப்படி வந்தவை. இவை சர்ச் காரியத்துக்கு மட்டும். வரி, ஏழை நிவாரணம் போன்ற சிவில் காரியங்களில் அதே தெரு பழைய பாரிஷிலேயே தொடர்ந்தது. அதனால்தான் ஒரே வீட்டுக் குழந்தைகளில் மூத்தவன் கேம்போர்ன் ஏட்டிலும் இளையவள் டக்கிங்மில் ஏட்டிலும் இருப்பார்கள், அப்பா வீடே மாற்றியிருக்க மாட்டார். முதல் மூன்று பிள்ளைகள் கிடைத்து நாலாவது காணோம் என்றால் குடும்பம் ஊரை விட்டுப் போனதாக நினைக்கும் முன் அந்த பாரிஷில் இருந்து எது எப்போது பிரிந்தது என்று பாருங்கள்.

டக்கிங்மில் என்ற ஒரு இடத்தை வைத்துப் பார்ப்போம்

1862 வாக்கில் பிறந்த ஒரு வில்லியம் தாமஸ் என்று வைத்துக்கொள்வோம், பெயர் கற்பனைதான். குடும்ப பைபிளில் "டக்கிங்மில், கார்ன்வால்" என்று இருக்கிறது. கேம்போர்னுக்கும் ரெட்ரூத்துக்கும் நடுவே உள்ள இடம், பக்கத்திலேயே புகழ்பெற்ற டோல்கோத் சுரங்கம். ஜாதகம் இப்படி வரும்.

பழைய பாரிஷ் கேம்போர்ன். ஆனால் எல்லை ஓரம் என்பதால் பக்கத்து இல்லோகன் பாரிஷும் சந்தேகப் பட்டியலில் இருக்க வேண்டும். புதிய சர்ச் பாரிஷ் டக்கிங்மில், 1840களில் கேம்போர்னிலும் இல்லோகனிலும் இருந்து பிரித்தது. ஹண்ட்ரட் பென்வித். பதிவு மாவட்டம் ரெட்ரூத். மறைமாவட்டம் 1876 வரை எக்ஸிடர், அதன் பிறகு ட்ரூரோ. இன்றைய நிர்வாகம் கார்ன்வால் கவுன்சில், நடுவில் 1974 முதல் 2009 வரை கெரியர் மாவட்டம்.

ரெட்ரூத் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். 1834ல் ஏழைகள் சட்டம் மாறியபோது பாரிஷ்கள் தனித்தனியாக நிவாரணம் கொடுப்பதை நிறுத்தி, பல பாரிஷ்கள் சேர்ந்த யூனியன்கள் உண்டாக்கினார்கள், ஒவ்வொரு யூனியனுக்கும் ஒரு ஏழைகள் விடுதி. 1837 ஜூலை 1 முதல் அரசாங்கமே பிறப்பு, திருமணம், இறப்பைப் பதியத் தொடங்கியபோது புதிதாக எல்லை போடாமல் அந்த யூனியன் எல்லைகளையே பதிவு மாவட்டங்களாக எடுத்துக்கொண்டார்கள். ரெட்ரூத் யூனியனுக்குள் கேம்போர்ன், இல்லோகன், ஃபிலாக் போன்ற பென்வித் ஹண்ட்ரட் பாரிஷ்களும் உண்டு, க்வென்னாப், ஸ்டிதியன்ஸ் போன்ற கெரியர் ஹண்ட்ரட் பாரிஷ்களும் உண்டு. ஹண்ட்ரட் எல்லையை யூனியன் கண்டுகொள்ளவே இல்லை. ஆகவே அரசாங்கப் பதிவில் ஒருவர் "ரெட்ரூத்" என்று வந்தால் அவர் ரெட்ரூத் ஊர்க்காரர் என்று அர்த்தமில்லை. அந்த யூனியனின் எந்த பாரிஷிலும் பிறந்திருக்கலாம். பிறந்த ஊர் ரெட்ரூத் என்று குடும்ப மரத்தில் தப்பாக ஏறிவிடுவது பெரும்பாலும் இந்த ஒரு குழப்பத்தால்தான்.

இப்போது தேடலாம். அரசாங்கப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளின் பட்டியல் உள்ள ஃப்ரீபிஎம்டி தளத்தில் கார்ன்வால், ரெட்ரூத் மாவட்டம், 1861 முதல் 1863 வரை என்று போடுங்கள். பதிவில் 5சி என்ற தொகுதி எண் இருக்கும், கார்ன்வால் முழுக்க அந்தத் தொகுதிக்குள்தான் வரும். 1851 வரையான பதிவுகளில் அதற்குப் பதில் ரோமன் எண் 9 இருக்கும். பிறந்த 42 நாட்களுக்குள் பதிந்தால் போதும் என்பதால் டிசம்பரில் பிறந்த குழந்தை அடுத்த ஆண்டின் முதல் காலாண்டில் வரலாம். 1874ல் சட்டம் மாறிப் பதியாத பெற்றோருக்கு அபராதம் வரும் வரை, பதியாமலேயே விட்டவர்களும் உண்டு. இங்கிலாந்து அரசுப் பதிவகத்தின் சொந்த இணையப் பட்டியலில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் 1837ல் இருந்தே இருக்கிறது, பத்து வில்லியம் தாமஸ்களில் உங்கள் ஆளைப் பிரிக்க இதுவே பாதி வேலையைச் செய்துவிடும்.

அப்புறம் மக்கள் தொகைக் கணக்கு. 1841ல் இருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை பெயர் வாரியாகக் கிடைக்கிறது, 1921 வரை பார்க்கலாம், 1931 கணக்கு 1942ல் தீயில் போய்விட்டது. ஃப்ரீசென் தளத்தில் கார்ன்வால் பகுதி நன்றாக நிரப்பப்பட்டிருக்கிறது, காசும் கிடையாது. 1841 கணக்கில் பிறந்த ஊர் இருக்காது, அதே கவுன்டியில் பிறந்தாரா என்பதற்கு ஆம் இல்லை மட்டும்தான். 1851 முதல் பிறந்த கவுன்டியும் பாரிஷும் எழுதினார்கள். நமக்கு உயிர்நாடி அந்தப் பிறந்த ஊர்க் கட்டம். பக்கத்தின் தலைப்பையும் படியுங்கள், அங்கே சிவில் பாரிஷ் தனிக் கட்டத்திலும் சர்ச் பாரிஷ் தனிக் கட்டத்திலும் இருக்கும். கணக்கெடுக்க வந்தவரிடம் ஒருவர் ஒருமுறை "கேம்போர்ன்" என்றும் பத்து வருஷம் கழித்து "டக்கிங்மில்" என்றும் அதற்கடுத்து "இல்லோகன்" என்றும் சொல்லியிருப்பார். மூன்று ஆள் என்று பிரித்துவிடாதீர்கள், உங்கள் ஆறு வரியோடு ஒத்துப் பாருங்கள், மூன்றும் ஒரே அரை மைலுக்குள் விழும்.

பதிவேட்டின் உள்ளே

இதற்குப் பிறகுதான் பாரிஷ் பதிவேடு. கார்ன்வாலுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு: ஆன்லைன் பாரிஷ் கிளார்க் என்ற தொண்டர் முயற்சி முதலில் தொடங்கியது அங்கேதான். ஒவ்வொரு பாரிஷையும் ஒரு தொண்டர் தத்தெடுத்துப் பதிவுகளைத் தட்டச்சு செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். தேடும்போது பாரிஷைக் காலியாக விட்டால் கவுன்டி முழுக்கத் தேடும். முதலில் அப்படி விட்டுப் பாருங்கள், அப்புறம் உங்கள் ஆறு வரியில் உள்ள பாரிஷ்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். மூல ஏட்டின் படங்களில் பல ஃபேமிலிசர்ச் தளத்தில் கிடைக்கும், கணக்குத் தொடங்கக் காசில்லை.

தட்டச்சுப் பட்டியலோடு நிறுத்திவிடாமல் படத்தைத் திறந்து பார்க்கச் சொல்வேன். 1813 முதல் அச்சடித்த படிவம், ஞானஸ்நான ஏட்டில் ஒரு பக்கத்துக்கு 8 பதிவு. இடது ஓரம் தேதி, அடுத்து குழந்தையின் பெயர், பெற்றோரின் பெயர், அவர்களின் குடும்பப் பெயர், அடுத்து குடியிருக்கும் இடம், அதற்கடுத்து தொழில், கடைசியில் பாதிரியார் கையெழுத்து. நமக்கு வேண்டியது குடியிருக்கும் இடம் என்ற கட்டம். பாரிஷ் பெயரை அங்கே எழுத வேண்டிய தேவையே இல்லை என்பதால் பாதிரியார் சின்னக் குடியிருப்பின் பெயரை எழுதியிருப்பார்: ட்ரே என்றும் பென் என்றும் போல் என்றும் தொடங்கும் பத்து வீட்டுக் குடியிருப்புகள். அதே பெயர் மூன்று குழந்தைகளின் பதிவிலும் திரும்பத் திரும்ப வந்தால் அது ஒரே குடும்பம் என்று நம்பலாம். அதே ஆண்டில் அதே பெயர் கொண்ட இன்னொரு தந்தை வேறு குடியிருப்பில் இருந்தால் அவரைத் தள்ளிவிடலாம். தொழில் கட்டத்தில் "மைனர்" (சுரங்கத் தொழிலாளி) என்று வரிசையாக எட்டுக்கு ஆறு இருப்பதைப் பார்க்கும்போது அந்த ஊர் எதை நம்பி இருந்தது என்று புரியும்.

குடியிருப்புப் பெயர் கிடைத்ததும் வரைபடத்தில் குத்துங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இங்கிலாந்தின் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) வரைபடங்கள் இலவசம், இன்றைய வரைபடத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்தும் பார்க்கலாம். ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் உள்ள தாள்களில் பாரிஷ் எல்லை புள்ளிக் கோடாகப் போகும், அதைக் கண்ணால் தொடர்ந்து போனால் உங்கள் ஆளின் குடியிருப்பு எந்தப் பக்கம் விழுகிறது, பக்கத்து பாரிஷின் சர்ச் எவ்வளவு தூரம் என்று தெரியும். சொந்த பாரிஷ் சர்ச் மூன்று மைல், பக்கத்து சர்ச் ஒரு மைல் என்றால் பக்கத்து ஏட்டையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். 1836 சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு பாரிஷுக்கும் போட்ட டைத் (சர்ச்சுக்குக் கொடுத்த தசமபாக வரி) வரைபடங்கள் இன்னும் நுணுக்கம்: ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் எண், அந்த எண்ணுக்கு எதிரே உடைமையாளர், குடியிருப்பவர். சுரங்கத் தொழிலாளி வாடகைக்கு இருந்த குடிசை கூட அதில் வரலாம்.

மெதடிஸ்ட் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தங்கவயலுக்கு வந்த கார்ன்வால்காரர்களில் மெதடிஸ்டுகள் அதிகம். மெதடிஸ்ட் சபை பாரிஷ் எல்லையைப் பார்க்கவில்லை, பல சிற்றாலயங்களைச் சேர்த்து சர்க்யூட் என்று வைத்தது. கேம்போர்ன் சர்க்யூட் என்றால் கேம்போர்ன் பாரிஷ் மட்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வெஸ்லியன், பைபிள் கிறிஸ்டியன், ப்ரிமிட்டிவ் என்று கிளைகள் வேறு. 1837 வரையான அவர்களின் ஏடுகள் பல லண்டனுக்கு அனுப்பப்பட்டு இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்ஜி 4 என்ற வரிசையில் இருக்கின்றன. ஆனால் 1754 முதல் 1837 வரை குவேக்கர்களும் யூதர்களும் தவிர எல்லாரும் இங்கிலாந்து திருச்சபையில்தான் சட்டப்படி கல்யாணம் செய்ய முடியும். ஆகவே ஆள் எவ்வளவு தீவிரமான மெதடிஸ்டாக இருந்தாலும் அவருடைய தாத்தா பாட்டி கல்யாணம் பாரிஷ் ஏட்டில்தான் இருக்கும்.

வெள்ளீயச் சுரங்கத்தில் பங்கு வைத்திருந்த குடும்பம் என்றால் இன்னொரு பிரிவும் உண்டு, ஸ்டேனரி என்ற வெள்ளீயச் சுரங்க வட்டாரம். ஃபோவிமோர், பிளாக்மோர், டைவார்ன்ஹெய்ல், பென்வித்-கெரியர் என்று நான்கு. தனி நீதிமன்றமே இருந்தது, 1896ல்தான் எடுத்தார்கள். உயில்களுக்கு 1858க்கு முன் கார்ன்வால் ஆர்ச்டீக்கன் (பிஷப்புக்குக் கீழே இருந்த சர்ச் அதிகாரி) நீதிமன்ற ஆவணங்களைப் பாருங்கள், அவை பத்திரமாக இருக்கின்றன. எக்ஸிடர் பிஷப் நீதிமன்றத்துக்குப் போன உயில்கள் 1942 குண்டுவீச்சில் எரிந்துபோயின.

இந்தியப் பக்கம்

இதே ஜாதகத்தை நம் பக்கத்துக்கும் எழுத வேண்டும். தங்கவயல் இருந்தது மைசூர் சமஸ்தானத்தில், கோலார் ஜில்லா, பவுரிங்பேட்டை தாலுக்கா (இன்றைய பங்காரபேட்டை). ஆனால் இங்கிலாந்து திருச்சபை நிர்வாகத்தில் பெங்களூரும் தங்கவயலும் மெட்ராஸ் மறைமாவட்டம். அதனால் லண்டனுக்கு அனுப்பப்பட்ட ஞானஸ்நான, திருமண, அடக்க நகல்கள் மெட்ராஸ் வரிசையில் சேர்ந்தன. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 என்று தொடங்குபவை அவை. மைசூர் என்று தேடினால் வராதது மெட்ராஸ் என்று போட்டால் வரும். ஃபிபிஸ் (Families in British India Society) என்ற சங்கத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம், படங்கள் ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் காசுக்கு. நகல் அனுப்புவதில் விடுபட்டவை உண்டு, குறிப்பாக மெதடிஸ்ட் பக்கம், எனவே அங்கே கிடைக்கவில்லை என்பதால் கல்யாணமே நடக்கவில்லை என்று முடிவு செய்யாதீர்கள், இங்கே உள்ள சபையின் ஏட்டையும் கேளுங்கள்.

திருமணப் பதிவு கிடைத்தால் அதில் மாப்பிள்ளையின் அப்பா பெயர் இருக்கும். இங்கிருந்து அங்கே தாண்டுவதற்கு அதுதான் பாலம். "வில்லியம் தாமஸ், வயது 24, அப்பா ரிச்சர்ட்" என்று 1886ல் இருந்தால், 1862 வாக்கில் ரிச்சர்டுக்குப் பிறந்த வில்லியமைத் தேடுகிறீர்கள். 1871, 1881 கணக்குகளில் ரிச்சர்ட் வீட்டில் அவன் இருக்க வேண்டும், 1891ல் இருக்கக் கூடாது. 1901, 1911 கார்ன்வால் கணக்குகளையும் விடாதீர்கள். தங்கவயலில் பிறந்த பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் விட்டுப் படிக்க வைத்தவர்கள் உண்டு, அந்தப் பிள்ளைகளின் பிறந்த ஊர்க் கட்டத்தில் "இந்தியா" என்று இருக்கும், அது கண்ணில் பட்டால் பாரிஷ் கையில் வந்த மாதிரி.

இணையத்தில் கிடைக்காதவற்றுக்கு ரெட்ரூத் ஊரில் உள்ள க்ரெசன் கெர்னோ காப்பகத்துக்கு எழுதலாம். பழைய மதுபான ஆலையைப் புதுப்பித்து 2019ல் திறந்தார்கள், பாரிஷ் ஏடுகள், டைத் வரைபடங்கள், சுரங்க ஆவணங்கள் எல்லாம் ஒரே இடத்தில். முதலில் அவர்களுடைய இணைய அட்டவணையில் பாரிஷ் பெயரைப் போட்டு வேண்டிய ஏட்டின் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். போனில் பேச வேண்டும் என்றால் நமக்கும் அவர்களுக்கும் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி வித்தியாசம், நம் பிற்பகலில்தான் அவர்கள் வேலைக்கு வருவார்கள். கடிதத்தில் குடும்பக் கதை முழுக்க எழுத வேண்டாம். ஆளின் பெயர், பிறந்த ஆண்டு, அப்பா பெயர், இதுவரை பார்த்து முடித்த ஏடுகள், கீழே அந்த ஆறு வரி. எந்த பாரிஷ், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்பதைத்தான் அங்கே உட்கார்ந்திருப்பவர் முதலில் கேட்பார்.